குருசடைத் தீவில் ஒரு முற்பகல்

ஐவகை நிலங்களையும் வகுப்பறைக்குள்ளேயே சுற்றிக் காட்டும் வித்தை தமிழாசிரியருக்கு மட்டுமே வாய்த்தது. கையில் சுண்ணக்கட்டியும் எதிரே கரும்பலகையும் இருந்தால் போதும். ஒரு மணி நேரத்தில் குறிஞ்சியில் ஏறி, முல்லையில் இறங்கி, மருதத்தில் நீராடி, நெய்தலில் இரங்கி, பாலையில் பிரிந்து மணியடிப்பதற்குள் திரும்பிவிடலாம். பதினெட்டு ஆண்டுகளாக இவ்வாறே பயணம் செய்து வந்தவன் நான்.

நான் பிறந்ததும் வாழ்வதும் சுந்தரபாண்டியபுரத்தில். மேற்கே குற்றால மலை. காலடியில் குளத்து நீர் பாயும் வயல். குறிஞ்சியும் மருதமும் கேளாமலே எனக்கு வாய்த்தவை. நெய்தலோ உரைநூல்களின் வழியாக மட்டும் அறிமுகமானது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதுகலை வகுப்பில் நெய்தற் பாடல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். 'அடும்பு' என்னும் சொல் வந்தது. "அடும்பு என்பது ஒருவகைக் கொடி" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "எந்த வகை, ஐயா?" என்று கேட்டார். "நெய்தல் நிலத்துக் கொடி" என்றேன். "ஐயா பார்த்திருக்கிறீர்களா?" என்று அவர் மீண்டும் வினவியபோது வகுப்பில் மெல்லிய சிரிப்பொலி எழுந்தது. அவர் குறும்புக்காகக் கேட்கவில்லை. அறியும் விருப்பத்தால் கேட்டார். அதனால்தான் அக்கேள்வி என்னை வீடு வரை பின்தொடர்ந்தது.

நெய்தலை நோக்கி

அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் மாணவ மணிகள் எண்மர், உடன் பணியாற்றும் பேராசிரியை ஒருவர், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகள், நான் ஆகப் பதினொருவர் வேன் ஒன்றில் புறப்பட்டோம். நெல்லை கடந்து, தூத்துக்குடி கடந்து, வேம்பாரும் சாயல்குடியும் ஏர்வாடியும் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றோம். கீழக்கரையில் இறங்கித் தேநீர் அருந்தினோம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர் அது என்று மாணவர்க்கு நினைவூட்டினேன். அந்த நினைவு மறுநாள் வேறொரு வகையில் பயன்படப் போகிறது என்பதை அப்போது அறியேன்.

மறுநாட் காலையில் பாம்பனை அடைந்தோம். 1914இல் திறக்கப்பட்ட பழைய தொடர்வண்டிப் பாலமும், அவ்வாண்டு ஏப்ரலில் திறப்பு விழாக் காண இருந்த புதிய பாலமும் அருகருகே நின்றன. பாம்பனுக்கு அப்பால் குந்துகால் என்னும் துறை. மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897இல் கரையிறங்கிய இடம் என்பதற்கு அடையாளமாக அங்கே ஒரு நினைவு மண்டபம் உள்ளது. அத்துறையிலிருந்துதான் குருசடைத் தீவுக்குப் படகு.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரையையொட்டி இருபத்தொரு சிறு தீவுகள் மாலைபோல் அமைந்திருந்தன. மண்டபத்தை அடுத்து ஏழு, கீழக்கரையை அடுத்து ஏழு, வேம்பாரை அடுத்து மூன்று, தூத்துக்குடியை அடுத்து நான்கு. 'அமைந்திருந்தன' என்று இறந்தகாலத்தில் எழுதக் காரணம் உண்டு. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. அலையைத் தடுத்துநின்ற பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தது அதற்கொரு பெருங்காரணம் என்பர் ஆய்வாளர். இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் மன்னார் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 3,600க்கும் மேற்பட்ட உயிர்வகைகள் இங்கே பதிவாகியுள்ளன. நினைத்தவர் நினைத்தபோது தீவில் கால் வைக்க இயலாது. இசைவு பெற்றுச் சிறு குழுவாக, வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி நாற்பதை எட்டிய ஒரு மீனவர். முதலில் எங்களை எண்ணினார். பிறகு பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு மறுபடியும் எண்ணினார். மிதவைச் சட்டைகளை அவரே ஒவ்வொருவருக்கும் இறுக்கிக் கட்டினார். பின்னர் ஒரே ஒரு விதியைச் சொன்னார்: "இங்கேருந்து கொண்டு போறது எல்லாம் திரும்பி வரணும். அங்க இருக்கிறது எதுவும் கூட வரக் கூடாது." வாழ்நாளெல்லாம் இலக்கணம் கற்பிக்கும் நான், இத்துணைச் சுருங்கிய நூற்பாவைக் கேட்டதில்லை.

மணலும் கொடியும்

கடல் அன்று ஆடியைப்போல் அசைவற்றிருந்தது. வாடைக் காற்றின் காலத்தில் இராமேசுவரத் தீவே தென்கடலுக்கு மறைப்பாக நிற்பதால் இப்பக்கம் அலை அடங்கியிருக்கும் என்றார் வழிகாட்டி. ஆலாப் பறவைகள் தலைக்குமேல் கத்திக்கொண்டு பறந்தன. ஆழங்குறைந்த இடத்தில் உள்ளான்கள் கூட்டமாக நின்று சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றுட் பல, வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை.

தீவில் இறங்கிய சில அடிகளிலேயே மணல்மேட்டில் ஒரு கொடி படர்ந்திருக்கக் கண்டோம். தடித்த பச்சை இலை, நடுவே பிளவு, ஊதா நிறத்தில் புனல்போன்ற பூ. "இது என்ன?" என்றேன். "அடம்பங்கொடி சார். மண்ணைப் பிடிச்சு வைக்கிறது இதுதான். இது போச்சுன்னா மேடு கரைஞ்சுடும்" என்றார் அவர்.

மணலில் மண்டியிட்டு அமர்ந்துவிட்டேன். அடும்பின் இலையை மானின் குளம்படிக்கு ஒப்பிட்டார் சங்கப் புலவர். அவ்வுவமையைப் பதினெட்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவன், அன்றுதான் அந்தக் குளம்படியைக் கண்டேன். உவமை சற்றும் மிகையன்று. மணலெங்கும் மான்கள் ஓடிப்போன தடம்போலவே இருந்தது. வகுப்பில் வினவிய மாணவர் என்னருகே வந்து நின்றார். இம்முறை அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் விளக்கவில்லை.

குருசடை ஏறத்தாழ 66 எக்டேர் பரப்புள்ள சிறு தீவு. ஆயினும் உயிரியலார் உலகில் அதன் பெயர் பெரிது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இலேயே இத்தீவின் கரையோர உயிரினங்களுக்கெனத் தனி வெளியீடு கொண்டுவந்தது. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடைப்பட்ட உறவினன் என உயிரியல் மாணவர் படிக்கும் பலனோகிளாசஸ் என்னும் புழு இத்தீவின் மணலில் வாழ்கிறது. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப்போல் மேல்நோக்கி நின்றன. அவற்றினிடையே நாங்கள் ஒருவர் பின் ஒருவராக, வழிகாட்டி வைத்த அடியிலேயே அடி வைத்து நடந்தோம். பதினொருவர் என்பதால் அது இயன்றது. நூற்றுப் பத்துப் பேராயின் இயலுமா?

அப்போது மாணவி ஒருவர் கரையில் கிடந்த அழகிய சங்கு ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். வழிகாட்டி முன்னே சென்றுகொண்டிருந்தவர், எவ்வாறோ அறிந்து திரும்பினார். கோபிக்கவில்லை. "அத வச்சிருங்கம்மா. அது யாருக்கோ வீடு" என்றார். "வெறும் சங்குதானே?" என்றார் மாணவி. அவர் சற்றுத் தள்ளிக் கிடந்த இன்னொரு சங்கைக் காட்டினார். அது கால் முளைத்து நடந்தது. பிறந்தது முதல் தனக்கென ஓடில்லாத ஒரு நண்டு, செத்த உயிரின் ஓட்டுக்குள் புகுந்து வாழ்கிறது. வளர வளரப் பெரிய ஓட்டைத் தேடுகிறது. கரையில் சங்கில்லையேல் அதற்கு வீடில்லை. மாணவி சங்கை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

வெண்மையின் பொருள்

திரும்பும் வழியில் படகைப் பவளப் பாறைகளுக்கு அணித்தே நிறுத்தினார். 'பார்' என்பது கடலோடிகள் வழங்கும் சொல். தெளிந்த நீரில் விளிம்பிலிருந்தே அவற்றைக் காண முடிந்தது. பழுப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்த மேடுகள், மான்கொம்புபோற் கிளைத்தவை, மூளைபோல் மடிந்தவை. இடையிடையே வெண்மையாக நின்றவற்றைக் காட்டி, "இது செத்தது" என்றார்.

பவளம் கல்லன்று, செடியன்று; மிகச்சிறிய உயிர்களின் குடியிருப்பு. அவ்வுயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாப் பாசிகள் தங்கி உணவூட்டுகின்றன. நிறத்தையும் அவையே பெரிதும் தருகின்றன. கடல் சூடேறினால் பாசிகள் நீங்கிவிடும். நிறமிழந்த பவளம் வெளுக்கும். வெப்பம் நீடித்தால் பசியால் மடியும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் இவ்வளைகுடாவில் அவ்வாறு வெளுத்தவை பல. வளர்ப்பதற்கெனக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுக் கடற்பாசி ஒன்று குருசடையின் பவளங்கள் மீதே படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். கிளைத்த பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும். பாறைபோல் திரண்டதோ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே மிகுதி.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் என் பக்கம் திரும்பினாள். "வாப்பா, நம்ம வீட்டு அலமாரியில இருக்கிறது?" என்றாள். எல்லார் காதிலும் விழும்படியாகத்தான் கேட்டாள்.

1999இல் இளங்கலை இறுதியாண்டு மாணவனாகக் கல்விச் சுற்றுலாவில் இராமேசுவரம் வந்திருந்தேன். தெருவோரக் கடையில் வெண்ணிறக் கிளையொன்றைக் 'கடற்பூ' என்று சொல்லி விற்றார்கள். பத்து ரூபாய் கொடுத்து வாங்கிச் சென்றேன். மறைந்த என் வாப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உழவர். "இது கல்லா, செடியா?" என்று கேட்டார். "கல்தான் வாப்பா" என்று தெரிந்தவன்போல் சொன்னேன். அதுமுதல் அது எங்கள் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது. பெருநாள்தோறும் உம்மா அதைத் துடைத்து வைப்பார்கள். வந்தவர்கள் எல்லாம் அதன் வெண்மையை வியந்தார்கள். அவ்வெண்மையின் பொருள் எனக்கு அன்று படகில்தான் விளங்கிற்று.

"இருக்கு" என்று மகளிடம் சொன்னேன். வழிகாட்டியிடமும் மறைக்காமல் சொல்லி, "திரும்பக் கொண்டுவந்து கடலில் இடலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "உயிர் வராதே சார். அப்ப எல்லாரும்தான் வாங்குனாங்க, நாங்களும்தான் எடுத்தோம்" என்றார். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதையும், இப்போது அதை வீட்டில் வைத்திருப்பதே தவறு என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது தீவுகளும் பாறைகளும் முன்னே நின்று தம் ஊரைக் காத்தன என்பது அவர் நம்பிக்கை. "அதுக்கப்புறம் எங்க ஊர்ல யாரும் கல்லுல கை வைக்க மனசு வரல" என்றார்.

பிணை

படகு குந்துகாலை நோக்கித் திரும்பியது. பேராசிரியை அவருடைய குடும்பத்தைப் பற்றி வினவினார். அவர் தாயார் பாசி எடுத்துப் பிழைத்தவராம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எனப் பெயர்களை வரிசையாகச் சொன்னார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைக் கொய்யும் தொழில் அது. இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களே மிகுதியும் செய்து வருவது. கூழ்மப் பொருள்கள் செய்யும் ஆலைகளுக்கு அப்பாசி செல்கிறது. தீவுகள் பூங்காவான பிறகு அவற்றைச் சுற்றிப் பாசி எடுப்பது தடைசெய்யப்பட்டது. பாசியெடுக்கும் பெண்களோ பாசி மீண்டும் தழைக்க வேண்டும் என்று தாமே கூடி, திங்களுக்குப் பன்னிரண்டு நாள்கள் மட்டும் எடுப்பது என வரையறை செய்துகொண்டவர்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி என்னும் பாசியெடுக்கும் பெண்மணிக்கு 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருது கிடைத்ததை அவர் பெருமையுடன் சொன்னார்.

பின்னர், குரலை உயர்த்தாமல், "எங்க அம்மாவுக்கு இந்தத் தீவச் சுத்தி ஒவ்வொரு கல்லும் தெரியும். அவங்க இப்பப் பாசிக்கு இங்க வர முடியாது. நான் உங்களக் கூட்டிட்டு வரலாம்" என்றார்.

படகில் சிறிது நேரம் பேச்சில்லை. தடை தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. தடையால்தான் இவ்வளவேனும் எஞ்சியது என்பதை அவரே அறிவார். ஆனால் தீவைக் காப்பதற்குக் கொடுத்த விலை யார் வீட்டு அடுப்பிலிருந்து போயிற்று என்பதை, ஒரு முற்பகல் பார்த்துவிட்டுப் போகும் நாம் அறிந்துகொள்ள வேண்டாமா? அதற்கு நேரான விடை என்னிடம் இல்லை. தீவை அறிந்தவரைத் தீவின் காவலராக்குவதே நீதிக்கு அணித்தான வழி என்று மட்டும் தோன்றுகிறது.

கரையேறியதும் அவர் தாளை எடுத்து எங்களை மீண்டும் எண்ணினார். பைகளையும் பார்த்தார். சங்கெடுத்த மாணவியிடம், "கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க பதினோரு பேரும் எடுத்துட்டு வந்தா, என்னைத்தான் கேப்பாங்க. உங்களுக்காக நான்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார்.

முன்னாள் கீழக்கரையில் நினைத்த உமறுப்புலவர் அப்போது மீண்டும் நினைவுக்கு வந்தார். சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றொரு பகுதி உண்டு. நம் மாணவர் பலர் பள்ளியிலேயே பயின்றிருப்பர். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி விடைகேட்கிறது. அது திரும்பும் என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் பிணை நிற்கிறார்கள். மான் தன் கன்றுடன் திரும்பி வந்து சொல்லைக் காக்கிறது. அப்படலத்தை நடத்தும்போதெல்லாம், பிணை நின்ற பெருங்கருணையையே விளக்குவேன். மானின் பொறுப்பை ஒரு வரியில் கடந்துவிடுவேன். அன்று குந்துகாலில் நின்றபோது அம்மானின் இடத்தில் நான் இருந்தேன். எனக்காக ஒருவர் பிணை நின்றிருக்கிறார். அவர் முகம் வாடாமல் நடந்துகொள்வது என் கடமை. சிறு குழுவாகச் செல்வதன் பொருளும் அதுவே. ஒருவர் எத்தனை பேருக்குத்தான் பிணை நிற்க முடியும்?

ஊர் திரும்பிய பின்

வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். "இத்தன வருஷமா ஒரு மையத்தையா துடைச்சு வச்சிருந்தேன்?" என்று கேட்டார்கள். நான் பேசவில்லை. மறுவாரம் மகளும் நானும் அதைப் பழந்துணியில் சுற்றி வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தோம். வாங்கியவர் ஒரு தாளில் என் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டார். வாப்பா அன்று கேட்ட கேள்விக்குச் சரியான விடையைச் சொல்ல அவர் இல்லை என்பதுதான் குறை.

இதை எழுதத் தூண்டியது இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர் தீவன்று. ஆனால் ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பூத்துவிட்டால் மஞ்சள் கடலுக்கு நடுவே தீவாகிவிடும். 1992இல் 'ரோஜா' திரைப்படம் வந்தது முதல் ஊர்ப்பெயர் பரவிற்று. குற்றாலத்துச் சாரலுக்கு வருவோரும் கேரளத்தாரும் வண்டி வண்டியாக வருகிறார்கள். நிழற்படம் எடுக்க வயலுக்குள் இறங்குகிறார்கள்; தண்டு ஒடிகிறது; பூவைக் கிள்ளுகிறார்கள். சூரியகாந்தியில் மணி பிடிப்பதற்குத் தேனீ வேண்டும். கூட்டமும் கூச்சலும் ஓயாத வயலில் அது எங்ஙனம் அமரும்? 2024இல் என் தம்பியின் வயலில் சாலையோர வரிசைகள் பாழாயின. முள்வேலி போட்டான்; வேலியையும் தாண்டினார்கள்.

குருசடையில் கண்டதைத் தம்பியிடம் சொன்னேன். 2025 ஆகஸ்டில் ஒரு முயற்சி செய்தோம். பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் விடுவதில்லை. என் தம்பி மகன் முன்னே நடப்பான். வந்தவர்கள் வரப்பில் மட்டும் அவன் பின்னே வரவேண்டும். எந்தப் பூவில் தேனீ இருக்கிறது, எதில் மணி பிடித்துவிட்டது என்று அவன் காட்டுவான். சிலர் சலித்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போனார்கள். சிலர் இருந்து கேட்டார்கள். முழு வெற்றி என்று சொல்லேன். "பரவாயில்ல அண்ணே, போன வருஷத்துக்கு இந்த வருஷம் பாதிதான் நட்டம்" என்றான் தம்பி. உழவன் கணக்கில் அது சிறிய தொகையன்று.

மாணவச் செல்வங்களே! விடுமுறை தோறும் நீங்கள் அருவிக்கும் மலைக்கும் கடலுக்கும் செல்வீர்கள்; செல்லவும் வேண்டும். நூலில் படித்த அடும்பை நேரில் காண்பது கல்வியின் ஒரு பகுதியே. ஆனால் சென்ற இடத்தில் உங்களுக்காக யாரோ ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதை மறவாதீர்கள். சில வேளை அவர் வழிகாட்டியாக இருப்பார். சில வேளை வயலுக்குரிய உழவராக இருப்பார். சில வேளை அங்கே வர இயலாமற் போன ஒரு தாயாகவும் இருப்பார். அவர் பிணை பொய்க்காமல் திரும்பி வாருங்கள்.

இப்போது வகுப்பில் அடும்பு என்னும் சொல் வந்தால், அது ஒருவகைக் கொடி என்று நான் சொல்வதில்லை. மண்ணைப் பிடித்து வைப்பது என்கிறேன்.